பார்த்துக்கொள்ள ஆள் இல்லை

“வீட்ல வேற யாரும் இல்லையேம்மா?”

கேட்டவர் எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர். எங்கள் வீட்டு நடையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நீள நோட்டு. கையில் நான் கொண்டுவந்து கொடுத்த மோர் டம்ளர்.

“இல்லீங்க சார்” என்றேன்.

அவர் மோரைக் குடித்து முடித்தார். அடியில் தங்கிய கறிவேப்பிலையை விரலால் எடுத்துப் போட்டார். காலி டம்ளரை என்னிடமே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

“சரி, யாரும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார்.

எதிரே குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டு, வீட்டில் யாரும் இல்லை என்று நானே சொன்னேன். அதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற தலையாரியும் சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

பௌர்ணமிக்கு மறுநாள் அது. மலை சுற்றும் பாதையை ஒட்டிய ஊர் எங்களுடையது. முதல் நாள் நடந்தவர்கள் போட்டுவிட்டுப் போன சுண்டல் காகிதமும் வாழைப்பழத் தோலும் எங்கள் வாசல் வரை வந்திருந்தன. அதிகாரி வருகிறார் என்று விடியற்காலையில் எழுந்து அத்தனையையும் பெருக்கித் தள்ளி, தண்ணீர் தெளித்திருந்தேன். யாரும் இல்லாத அந்த வீட்டு வாசலில் கோலம்கூட இருந்தது.

இந்தத் தொடரைப் படித்துவரும் ஓர் அம்மாள், ‘ஊரார் மனுவெல்லாம் டைப் அடித்ததாக எழுதுகிறீர்களே, உங்களுக்கென்று எதையாவது அடித்துக்கொண்டீர்களா?’ என்று கேட்டு அஞ்சலட்டை போட்டிருக்கிறார். அடித்தேன் அம்மா. ஒரே ஒரு தடவை. அதிலும் என் பெயர் இல்லை.

ஷரீப் பாயின் கோப்புகள்

எங்கள் ஊர் தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஷரீப் பாய் ஒரு டைப்பிங் கடை வைத்திருந்தார். தகரக் கூரை, இரண்டு இங்கிலீஷ் மெஷின், ஒரு தமிழ் மெஷின், ஒரு மண்பானை. திங்கட்கிழமை மனு நாளில் பானைத் தண்ணீர் பதினோரு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.

நான் டைப்பிங் பரீட்சையில் ஹையர் பாஸ் செய்த கையோடு அங்கே வேலைக்குப் போனேன். பாய்க்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ரொம்ப நல்ல மனிதர், ரொம்பச் சத்தமான மனிதர். எதையும் புதிதாக எழுத மாட்டார். கயிறு கட்டிய நாலைந்து கோப்புகள் வைத்திருந்தார். லீவுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, பட்டாவுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் தடிமனானது டிரான்ஸ்பர் கோப்பு.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ ரயில்வேயிலோ பேங்கிலோ வடக்கே எங்காவது இருந்தார்கள். ஊருக்கு வர வேண்டுமென்றால் மேலே உள்ளவர்களுக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் போக வேண்டும். கோப்பைத் திறந்து, பெயரையும் ஊரையும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவோம். மாற்றாத வரி ஒன்றே ஒன்று இருந்தது.

‘தேர் இஸ் நோ ஒன் டு லுக் ஆஃப்டர் மை ஏஜ்டு மதர்.’

என் வயதான தாயைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அப்பாவுக்கு என்றால் ஒரு சொல் மாறும். இரண்டு பேரும் இருந்தால் இன்னொரு சொல் கூடும். மற்றபடி கல்வெட்டு.

“ஜாஸ்தி எழுதக்கூடாதும்மா” என்பார் பாய். “பெரிய ஆபீசர்ங்களுக்கு ஏது டைம்? கம்மியா எழுது. இந்த ஒரு லைன் போதும். கல்லையும் கரைச்சிடும்.”

அந்த ‘லுக் ஆஃப்டர்’ என்னைக் கொஞ்ச நாள் படுத்தியது. லுக் என்றால் பார்ப்பது. ஆஃப்டர் என்றால் பிறகு. இரண்டையும் பக்கத்தில் உட்கார வைத்தால் அது எப்படிக் கவனித்துக்கொள்வது ஆகும் என்று பாயிடம் கேட்டேன்.

“இங்கிலீஷ்காரன் வச்சான், நாம அடிக்கிறோம். உனக்கின்னாம்மா போச்சு?” என்றார்.

பழைய அகராதி ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். கவனித்தல், பேணுதல், பொறுப்பில் வைத்திருத்தல் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் அது கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கல்லூரிப் பெண் தோழியிடம் பையைக் கொடுத்து, லுக் ஆஃப்டர் பண்ணு என்றாள். ஆபீஸ் சர்க்குலரில், இன்னார் லீவில் போவதால் இன்னார் அவருடைய வேலையை லுக் ஆஃப்டர் செய்வார் என்று இருந்தது. பையையும் பார்த்துக்கொள்ளலாம், நாற்காலியையும் பார்த்துக்கொள்ளலாம், பெற்ற தாயையும் பார்த்துக்கொள்ளலாம். வார்த்தைக்கு எதுவும் பாரமில்லை.

ஒரு நாய்க்கு ஒரு முழுப் பக்கம்

இதற்கு நடுவே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையடிவாரத்தில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்தவர். தெருவில் கிடந்த ஒரு நாயை எடுத்து வளர்த்தார். மூன்று மாதம் தன் தேசத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆளிடம் நாயை விட்டுப்போகிறார். அந்த ஆளுக்கும் அவன் மகளுக்கும் ஒரு குறிப்பு அடித்துக் கொடுக்கச் சொல்லி, கையால் எழுதிய தாளோடு வந்தார்.

தலைப்பே லுக் ஆஃப்டர்தான். நாயைப் பார்த்துக்கொள்வது எப்படி.

நான் இரண்டு மூன்று வரி இருக்கும் என்று நினைத்துத் தாளை மெஷினில் செருகினேன். அடித்தேன், அடித்தேன், பக்கம் முடிந்துவிட்டது. காலையில் எத்தனை மணிக்கு எழும். சோறு சூடாக வைக்கக் கூடாது. இடது காதைத் தொட்டால் வலிக்கும், ஆகவே வலது பக்கமாகத் தடவ வேண்டும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், இழுக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சாயங்காலம் அரை மணி நேரமாவது அதனிடம் பேச வேண்டும், எந்த மொழியானாலும் சரி.

அவர் போன பிறகு பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “நாய்கிட்ட அரை மணி நேரம் பேசணுமாம்! எம் பொண்டாட்டி என்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசறது இல்லம்மா!”

நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பக்கத்தின் கார்பன் நகலைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. பாய்க்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“அப்ப நான் யாரும்மே?”

இன்னொருத்தியும் ஞாபகத்தில் இருக்கிறாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி. புருஷன் எங்கோ பனிமலையில் இருந்தான். அவனுக்கு லீவு வேண்டும். மாமியார் படுக்கையில். மருமகள் மனு அடிக்க வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் தூக்குச்சட்டி.

வழக்கம்போல அடித்தேன். வழக்கம்போலத் தமிழில் படித்துக் காட்டினேன். “என் வயதான தாயைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.”

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். “இன்னாமே இது? யாரும் இல்லன்னு போட்டுக்கிற? அப்ப நான் யாரும்மே? காத்தால வாரிக் கொட்டிட்டு, கஞ்சி ஊட்டிட்டுத்தானே பஸ் ஏறி வரேன்?”

“அப்படித்தான்க்கா போடணும். நீங்க இருக்கீங்கன்னு போட்டா லீவு தர மாட்டாங்க.”

“அது சரி” என்றாள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “இதுல எங்க கீது அந்த ‘யாரும் இல்ல’?”

நான் விரல் வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். மை புதிது, லேசாக இழுத்துக்கொண்டது. நான் எரிச்சலோடு மறுபடி அடித்தேன்.

அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. இத்தனைக்கும் அவள் சொன்ன அதே வேலையை முடித்துவிட்டுத்தான் அன்றும் எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தேன்.

எங்கள் வீடு

அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். எனக்கு அடுத்தவன் சேகர். அவனுக்குப் பேங்க் வேலை கிடைத்து, போபால் பக்கத்தில் போட்டார்கள். அவன் போன அடுத்த வருஷம், கடலை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா நிலத்திலேயே சாய்ந்தாள். வலது கையும் காலும் போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து ஆறு வருஷம். காலையில் என்ன செய்வேன் என்பதை இங்கே பட்டியல் போட வெட்கமாக இருக்கிறது, படுக்கையில் ஆள் உள்ள எல்லா வீட்டுக்கும் அது தெரியும். தலைமுடியை மட்டும் சொல்கிறேன். அம்மாவுக்கு இடுப்பு வரை முடி. படுத்தே இருந்ததால் தினமும் சிக்கு விழும். “ஒட்ட வெட்டி விட்டுடு, உனக்கும் சுலபம்” என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் நான் சீப்பை எடுத்தால் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். அதற்காகவே வெட்டவில்லை. கால் மணி நேரம் தேங்காய் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டு, கையைக் கழுவினாலும் வாசனை போகாது. டைப் மெஷின் கட்டைகளில் அந்த எண்ணெய் ஒட்டுகிறது என்று பாய் கத்துவார்.

பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “சேகரு எப்ப வரான்?” நான் காப்பி போடப் போய்விடுவேன்.

எனக்கு வயது முப்பத்தொன்று ஆனபோது கீழ்பென்னாத்தூரில் இருந்து ஒரு வரன் வந்தது. உரக்கடை வைத்திருந்தார். வந்து பார்த்தார், அதிகம் பேசவில்லை. போகும்போது, “டைப் அடிச்சா விரல் வலிக்காதா?” என்று கேட்டார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் என் விரலைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவருடைய அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். “பொண்ண நாங்க குறை சொல்லல. ஆனா கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அம்மாவப் பாக்க ஓடிக்கிட்டே இருந்தா எங்க வீடு வீடா இருக்குமா? மொதல்ல தம்பி ஊரோட வந்து சேரட்டும். தை வரைக்கும் காத்திருக்கோம்.”

அவர் பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த வீட்டைவிட்டுப் போக ஆசையாக இருந்தது. அம்மா மேல் பிரியம் இல்லாமல் இல்லை. இருந்தும் ஒரு காலையிலாவது எழுந்து என் தலையை மட்டும் வாரிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஆகவே எல்லாம் சேகர் டிரான்ஸ்பரில் வந்து நின்றது.

நான் அடித்த விண்ணப்பம்

சேகர் கடிதம் போட்டான். ‘அக்கா, டிரான்ஸ்பருக்கு எழுத வேண்டும். இங்கே உன்னைப் போல நன்றாக அடிப்பவர் இல்லை. நீயே அடித்து அனுப்பு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று கிராம அலுவலரிடம் சான்றும் வேண்டுமாம்.’

கெட்டவன் இல்லை சேகர். இன்றைக்கும் எனக்கு ஒரு தலைவலி என்றால் முதல் போன் அவனிடமிருந்துதான் வரும். அவனுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

பாயிடம் சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய வரி. முதல் தாளில் ‘நோ ஒன்’ என்ற இடத்தில் தப்பு வந்தது. இரண்டாவது தாளிலும் அதே இடம். மூன்றாவதை உருவி எடுத்தபோது பாய் எழுந்து வந்தார்.

“இன்னாம்மா இன்னிக்கு? பேப்பர் என்ன மரத்துல காய்க்குதா?”

தாளை எடுத்துப் படித்தார். பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தமான அந்த மனிதர் அன்று சத்தம் போடவில்லை. “தள்ளு, நான் அடிக்கறேன்” என்றார்.

“இல்ல பாய். நானே அடிக்கறேன்.”

நாலாவது தாள் சுத்தமாக வந்தது. நான் இல்லை என்பதை ஒரு பிழை இல்லாமல் அடித்து, கார்பன் நகல் எடுத்து, மடித்துக் கவரில் போட்டேன்.

மோர் குடித்த பிறகு

நடையில் உட்கார்ந்த அதிகாரியிடம் மறுபடி வருகிறேன். புதிதாக வந்தவர், கொஞ்சம் ஒழுங்கானவர். பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதியவர் தலையைத் தூக்கினார்.

“பொண்ணு இருக்கறத எழுத வேணாம்மா. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போற ஆளு, அது கணக்குல வராது. ஆனா ஒரு தடவ பெரியம்மாகிட்ட நானே கேட்டுக்கறேன். நேர்ல விசாரிச்சேன்னு எழுதணும் பாரு.”

அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். மூன்று நாளாக அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். “யாரும் இல்லன்னு ரெண்டே வார்த்தைம்மா. வேற எதுவும் வேணாம். சொல்லு பாப்போம்.” அம்மா தலையை ஆட்டுவாள். சொல்லிப் பார்க்க மாட்டாள். மூச்சை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கட்டில் பக்கத்தில் போய் நின்றார். அம்மாவை உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்திருந்தேன். புதுச் சேலை. பின்னிய சடை முன்னால் விழுந்திருந்தது. தலையாரி நிலைப்படியில் சாய்ந்து நின்றான். பக்கத்து வீட்டு அம்மாள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

“பெரியம்மா, உங்கள யாரு பாத்துக்கறாங்க?”

அம்மா அவரைப் பார்த்தாள். வாய் அசைந்தது. வார்த்தைக்காக எல்லாரும் காத்திருந்தோம். நான் உதட்டை மட்டும் அசைத்து ‘யாரும் இல்ல’ என்று எடுத்துக் கொடுத்தேன்.

“எம் பொண்ணு” என்றாள் அம்மா.

“அது சரி பெரியம்மா, நான் இன்னா கேக்கறேன்னா, உங்கள வச்சிப் பாத்துக்க…”

“எம் பொண்ணு… விஜயா.” மூச்சு வாங்கியது. நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. “காத்தால… எழுப்புவா. தொடச்சி விடுவா. கஞ்சி… ஆற வச்சி ஊட்டுவா. பொரட்டிப் படுக்க வைப்பா… முதுகு புண்ணாவாம. தல வாருவா. வேலைக்கிப் போய்ட்டு வருவா… மறுபடியும் தொடச்சி விடுவா. ஒரு நாளு… மூஞ்ச சுளிச்சது இல்ல.”

ஆறு வருஷத்தில் அம்மா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் முகம் சுளித்ததுண்டு. எத்தனையோ நாள். அவளுக்கும் தெரியும்.

அதிகாரி நோட்டை மூடினார். “நாலு பேர் காதுல விழுந்துடுச்சேம்மா. இதுக்கு மேல யாரும் இல்லன்னு நான் எப்படி எழுதறது?” என்னைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். யோசித்து, ‘தற்சமயம் மகள் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு வரும் தை மாதம் திருமணம் நடக்கவுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன்னால் முடிந்த உதவி என்று சொன்னார். உண்மையிலேயே உதவிதான்.

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தேன். பிறகு அம்மாவிடம் கத்தினேன். “ரெண்டு வார்த்தை! ரெண்டே வார்த்தை சொல்ல முடியலயா உன்னால? ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, எல்லாருக்கும் கெடைக்குது. எனக்கு மட்டும் நீ உண்மை பேசணுமா? நான் இங்கயே கெடந்து சாவணும்னு நெனைக்கிறியா?”

அம்மாவின் கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கண்ணில் சும்மாவே தண்ணீர் வரும். அழுகிறாளா என்று தெரிந்துகொள்ள நான் கிட்டே போகவில்லை.

இரண்டு பக்கமும்

சான்றுக்கு ஏற்றபடி விண்ணப்பத்தை மாற்றி அடித்தேன். அம்மாவை இத்தனை நாள் என் அக்கா பார்த்துக்கொண்டாள், அவள் கல்யாணமாகிப் போனபின் ஆள் இல்லை என்று அடித்தேன். சேகர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினான். ‘அக்கா, இதைப் படித்தபின் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை’ என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்னால் பதில் வந்தது. சேகர் அந்தத் தாளையே கவரில் வைத்து எனக்கு அனுப்பிவிட்டான். ஊர் முழுக்கக் கூட்டம், கடையில் நிற்க இடமில்லை. மெஷினுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து படித்தேன். மூன்றே வரி.

உமது சகோதரி உமது தாயாரை லுக் ஆஃப்டர் செய்து வருவதாகத் தெரிகிறபடியால், தற்போது பரிசீலிக்க இயலாது. சகோதரிக்குத் திருமணம் நடந்த பின்னர் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

கல்யாணம் நடந்தால் தம்பிக்கு மாற்றல் என்றது பேங்க். தம்பி வந்தால்தான் கல்யாணம் என்றது மாப்பிள்ளை வீடு. நான் கீழ்பென்னாத்தூருக்கு நேரில் போய் அந்தத் தாளைக் காட்டினேன். வெட்கத்தை விட்டுத்தான் போனேன். அவருடைய அம்மா மரியாதையாக உட்கார வைத்து, வேர்க்கடலை உருண்டை கொடுத்தார். “நீ போய் பேங்க்ல சொல்லி மாத்தல் வாங்கிட்டு வாம்மா, தேதி வைக்கிறோம்” என்றார். உரக்கடைக்காரர் கடை வாசலில் நின்று மூட்டைகளை எண்ணுகிற மாதிரி இருந்தார். தை வந்தது, போனது. மாசியில் அவருக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டதாகப் பாய்தான் வந்து சொன்னார்.

சேகருக்கு மாற்றல் கிடைத்து அவன் வந்தபோது இன்னும் மூன்று வருஷம் கடந்திருந்தது. அதன் பிறகு எனக்கு வேறோர் இடத்தில் கல்யாணம் நடந்தது. அந்த மனிதர் இதோ பக்கத்து அறையில் செய்தித்தாளை மடிக்கிற சத்தம் கேட்கிறது. அவரைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை. என் விரலைப் பற்றி அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று வரி

பதில் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். நல்ல எண்ணத்தில் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். நீ செய்த காரியம் எங்கே கொண்டுவந்து விட்டது பார் என்று காட்டத்தான் படித்தேன். மோர் குடித்தவர் வந்துபோன நாளிலிருந்து நான் அவளோடு சரியாகப் பேசியிருக்கவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். சகோதரி என்று வந்த இடத்தில் அம்மா கையைத் தூக்கினாள். நல்ல கை, இடது கை.

“அது… நீயா?”

“நான்தான். வேற யாரு?”

“பேங்க்குல… எழுதிக்கிறாங்களா? நீ பாத்துக்கறன்னு?”

“எழுதித்தான் இல்லன்னுட்டாங்களே!” அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. “ஏம்மா அன்னிக்கு அப்படி சொன்ன? அவ்ளோ சொல்லிக் குடுத்தேனே. எதுக்கும்மா சொன்ன?”

அம்மா வார்த்தையைத் தேடினாள். நான் அவசரப்படுத்தவில்லை. வெளியே தீபக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

“ஆறு வருசமா… வர்றவங்க எல்லாம்… பையன் எப்ப வருவான்னுதான் கேட்டாங்க” என்றாள். “யாரு பாத்துக்கறான்னு… அவரு ஒருத்தர்தான் கேட்டாரு.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“கேக்கற வரைக்கும்… சொல்லாம வச்சிருந்தேன். கேட்டப்புறமும்… நீ இல்லன்னு… எப்படிடி சொல்லுவேன்?”

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தீரவில்லை, பல வருஷம் இருந்தது. ஆனால் அன்று அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கி, எழுத்துத் தெரியாத அந்தக் கண்ணால் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “எங்க எழுதிக்கிறாங்க உன்ன?” என்று கேட்டபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன்.

அம்மா விரலை எடுக்கவே இல்லை.